கார்டுக்காரன்

என் மனைவி தயாளினி இறந்து முப்பத்தைந்தாவது நாள் நான் இத்தாலிக்குப் புறப்பட்டேன். ஜெனோவாவுக்குப் பக்கத்தில், வசதியானவர்கள் ஓய்வெடுக்கப் போகும் கடற்கரை ஊர் ஒன்று. சாந்தா மார்கரீத்தா. கடலைப் பார்த்த அறை, நான்கு இரவுகள். ஜூன் மாதமே அவள் பதிவு செய்திருந்தாள்.

அவள் பாரிசில் ஒபேரா பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்தாள். அறை துப்புரவாக்கும் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் மூன்று மாடிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தாள். விடுமுறை என்றால் நாங்கள் இலண்டனிலோ ஜெர்மனியிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போவோம். இது ஏன் திடீரென்று என்று கேட்டேன்.

"பத்து வருசமா மற்றவையின்ரை கட்டிலை விரிச்சாச்சு. ஒருக்கா நான் படுத்து எழும்புறன், வேறை ஆரும் வந்து விரிக்கட்டும்," என்றாள். பிறகு, "வியாழக்கிழமை காலமை மட்டும் வேறை ஒண்டும் யோசிக்காதேங்கோ. ஒரு இடத்துக்குப் போகவேணும்."

"எங்கை?"

"அங்கை போய்ச் சொல்லுறன். நீங்கள் கட்டாயம் வரவேணும். நீங்கள் வராட்டி நான் போய்ப் பிரயோசனமில்லை."

ஆகஸ்ட் பதினேழாம் திகதி, ஹோட்டலின் நான்காம் மாடி நடையில் விழுந்தாள். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். பின்னேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு முப்பது வயது.

வியாழக்கிழமை சொல்வதாக இருந்தது சொல்லப்படாமல் நின்றது. அதை அறியத்தான் போனேன். வேறு காரணம் இல்லை.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த முடியவில்லை. பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் எங்களோடுதான் இருக்கிறாள். நான் பெட்டி அடுக்குவதைக் கதவடியில் நின்று பார்த்தாள்.

"முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்ச கையோடை கடற்கரைக்கோ?"

"ஓம்."

"ஒரு வருசத்துக்குக் கோயில் வாசலும் மிதிக்கேலாது. நீ ஹோட்டலுக்குப் போறாய். சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும்."

"அவள் இருந்தா உன்னைப் போக விடுவாளோ?"

"அவள்தானம்மா கூப்பிட்டது."

அம்மா போய்விட்டாள். சற்று நேரத்தில் ஒரு டப்பாவில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்தாள். 

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அரியரத்தினம் அண்ணையின் கடையில் ரயில் பயணச்சீட்டு எடுத்தேன். ஊருக்குப் பார்சல் அனுப்புவதும் பயணச்சீட்டு போடுவதும் அவருடைய தொழில். கடைச் சுவரில் தயாளினியின் கண்ணீர் அஞ்சலி இன்னும் ஒட்டியிருந்தது. எங்கள் திருமணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான்.

"எந்த ஊருக்குத் தம்பி?"

சொன்னேன். விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தார்.

"அங்கை என்ன கிடக்கு? இஞ்சை பிரான்சிலையே நீசுக்குப் போவன். அதுவும் கடல்தானே. நல்ல விலையிலை எடுத்துத் தாறன்."

"தயாளினி போட்ட புக்கிங் அண்ணை."

"போனவளின்ரை புக்கிங்கை வைச்சு நீ என்ன செய்யப்போறாய்? ரத்துச் செய்."

"வியாழக்கிழமை எங்கையோ கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னவள்."

அவர் திரைப் பக்கம் திரும்பினார். பிறகு பயணச்சீட்டைப் போட்டுத் தந்தார். வழக்கமாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்வார். அன்று சொல்லவில்லை.

அவருக்கும் எனக்கும் திருமணத்துக்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு. அதை இங்கே சொல்லவேண்டும். 2011இல் எனக்கு இருபத்தொரு வயது. சென்-தெனி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயதில் அப்பா எங்களைப் பிரான்சுக்குக் கூப்பிட்டுக்கொண்டதால் சண்டையைப் பார்க்காதவன். சண்டை முடிந்த 2009 மே மாதம் பாரிஸ் தெருவில் நின்று கத்தியதைத் தவிர வேறெதுவும் செய்யாதவன். அந்தக் குற்ற உணர்வு அப்போது என் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இருந்தது. அண்ணை என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"இத்தாலிக்கு அங்காலை ஒரு பெடியன் வந்து நிக்கிறான். முகாமிலை இருந்து தப்பி வந்தவன். அப்பிடியே உன்ரை முகவெட்டு. உன்ரை பத்து வருச விசாக் கார்டை ஒரு மாதத்துக்குத் தா."

"பிடிபட்டா?"

"வெள்ளைக்காரனுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம் தம்பி. மூண்டு கிழமை கழிச்சு நீ பொலிசுக்குப் போய்க் களவு போட்டுது எண்டு எழுதிக் குடு. அவ்வளவுதான்."

கொடுத்தேன். மூன்று கிழமையில் முறைப்பாடும் எழுதிக் கொடுத்தேன். கார்ட் திரும்பி வரவில்லை. பெடியன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பிறகு அண்ணை சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பெயரால் ஒருவன் கனடாவில் பனி தள்ளிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். நான் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சலான காரியம் அது. தயாளினியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய் உலையில் அரிசியைப் போட்டாள்.

ஹோட்டல் குன்றின் மேல் இருந்தது. வரவேற்பில் நின்ற பெண்ணின் பெயர் பியட்றிஸ் என்று சட்டையில் எழுதியிருந்தது. நல்ல பிரெஞ்சு பேசினாள்.

"இருவருக்கல்லவா பதிவு? மதாம் பின்னால் வருகிறார்களா?"

"வரவில்லை," என்றேன்.

அறையில் ஒரு பெரிய கட்டில். இரண்டு தலையணை, இரண்டு அங்கி, இரண்டு சோடிச் செருப்பு. விரிப்பின் மூலைகளைத் தூக்கிப் பார்த்தேன். சரியாக மடித்திருந்தார்கள். அவள் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கடற்கரையில் கோடு போட்ட குடைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் எண். எங்களுடையது நாற்பத்தொன்று. ஒரு குடை, இரண்டு சாய்கதிரை. செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் நான் ஒன்றில் கிடந்தேன். மற்றதில் துவாயை வைத்தேன். சப்பாத்தைக் கழற்றவில்லை. பக்கத்துக் குடையில் ஒரு வயதான தம்பதி சீட்டு விளையாடினார்கள். அந்த அம்மா தோற்கும்போதெல்லாம் கணவனின் தொடையில் அடித்தாள். கடல் அசையாமல் கிடந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். தண்ணீர் என்றேன். எலுமிச்சைத் துண்டு போட்டுக் கொண்டுவந்தான். புளிச்சாதம் இரண்டாம் நாள் பழுதாகிவிட்டது.

புதன்கிழமை பின்னேரம் பியட்றிஸ் என்னை மறித்தாள்.

"நாளைக் காலை எட்டரைக்கு டாக்சி. மதாம் முன்பே எழுதியிருந்தார்கள். வரச்சொல்லவா, வேண்டாமா?"

"எங்கே போகிற டாக்சி?"

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சவக்காலைக்கு," என்றாள்.

தயாளினியைப் பாரிசில் எரித்தாகிவிட்டது. இந்த ஊரில் அவளுக்கு ஒருவரும் இல்லை. யாருடைய கல்லறை என்று அன்றிரவு முழுவதும் யோசித்தேன். ஒரு முகமும் வரவில்லை.

சவக்காலை ஊருக்கு மேலே, மலைச் சரிவில். வாசலில் மண் தோண்டும் சிறு இயந்திரம் ஒன்று நின்றது. இரண்டு வேலையாட்கள் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அலுவலக அறையில் இருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் கோப்பு. லூசியா என்று சொல்லிக் கை நீட்டினாள்.

"மதாம் தயாளினியின் கணவரா? அவர் வரவில்லையா?"

"இறந்துவிட்டார். போன மாதம்."

அவள் கோப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவான பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னாள். பொது நிலத்தில் புதைத்தவர்களைப் பத்து வருடத்துக்குப் பிறகு கிளறி எடுப்பார்கள். உறவினர் கையெழுத்திட்டால் எலும்புகளைப் பெட்டியில் இட்டு, பெயர் எழுதிச் சுவர் மாடத்தில் வைப்பார்கள். கேட்க ஆளில்லாவிட்டால் பொது எலும்புக்கிடங்கு. அங்கே பெயர் கிடையாது. இன்று நான்கு குழிகள்.

"உங்களுடையதைக் கடைசிக்கு விட்டிருக்கிறேன். மதாம் ஒவ்வொரு செப்டம்பரும் பூ வைக்கச் சொல்லி எழுதுவார். இறந்தவருக்கு என்ன உறவு என்று மட்டும் எழுதமாட்டார். உறவு இல்லாமல் பெட்டி தரமுடியாது என்று இந்த வருடம் பதில் போட்டேன்."

"யார் அது?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா?" அவள் கையைக் காட்டினாள். "அந்த வரிசையில் கடைசி."

நடந்தேன். முழங்கால் உயரச் சீமெந்துக் குற்றிகள். அதில் தகடுகள். கடைசிக் குற்றிக்கு முன்னால் குனிந்தேன்.

இராஜதுரை கரிகாலன். பிறப்பு 11.03.1990. இறப்பு 19.09.2011.

என் அப்பாவின் பெயர் இராஜதுரை. என் பெயர் கரிகாலன். நான் பிறந்தது 1990 மார்ச் பதினொன்று.

 தகட்டில் விரலை வைத்தேன். எழுத்துகள் சரியாகத்தான் இருந்தன.  திருமணமாகி எட்டு வருடத்தில் தயாளினி ஒருதரம்கூட என்னைப் பெயர் சொல்லி அழைத்தது கிடையாது. 'இஞ்சாருங்கோ' என்பாள். பாரிசில் இந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வன்னிப் பிள்ளை, பழைய வழக்கத்தை விடவில்லை என்று அம்மா எல்லோரிடமும் பெருமை பேசுவாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அரியரத்தினம் அண்ணைக்கு அழைப்பு எடுத்தேன்.

"அண்ணை, நான் சவக்காலையிலை நிக்கிறன்."

 அவருக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்ணின் குரல், பார்சல் எப்ப போகும் என்று கேட்டது.

"கடையைப் பூட்டிப்போட்டு எடுக்கிறன் தம்பி."

"போனை வையாதேங்கோ. இப்ப சொல்லுங்கோ. பெடியன் கனடாவிலை எண்டியள்."

"எண்டனான்."

"அப்ப இஞ்சை கிடக்கிறது ஆர்?"

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"பிரசாந்தன்," என்றார். "உன்ரை மச்சான்."

தயாளினியின் அண்ணன் பிரசாந்தன். தாய் தகப்பனோடு முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து இறந்தவன் என்றுதான் அவள் சொன்னாள். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் நானும் அப்படியே எழுதியிருந்தேன். முந்நூறு பிரதி அடித்தோம்.

"அவன் அங்கை சாகேல்லை," என்றார் அண்ணை. "அவனும் தயாளினியும் முகாமிலை இருந்து வெளிக்கிட்டு ஒண்டாய்த்தான் வந்தவை. அந்த ஊரிலை ஒரு வீட்டிலை ஏழு பேரை வைச்சிருந்தவங்கள். அவனுக்குத் தொய்வு. மூண்டாம் நாள் மூச்சு எடுக்கேலாமல் போட்டுது. இவள் றோட்டுக்கு ஓடிப்போய் ஒரு காரை மறிச்சவள். மற்ற ஆக்கள் எல்லாம் ஓடிட்டினம். ஆஸ்பத்திரிக்குப் போகேக்கையே முடிஞ்சுது. அவன்ரை பொக்கற்றுக்கை உன்ரை கார்ட். ஆஸ்பத்திரியிலை பேர் கேட்டவங்கள். இவள் கார்டிலை கிடந்ததைச் சொல்லிப்போட்டு, பொலிஸ் வரமுந்தி வெளிக்கிட்டிட்டாள்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சின்னப் பெடியன் நீ. படிச்சுக்கொண்டிருந்தனி. சொன்னா நீ பயந்துபோய் எல்லாத்தையும் கொட்டியிருப்பாய். அவளுக்கும் அகதிக் கேஸ். இத்தாலி எண்ட சொல்லே வாயிலை வரக்கூடாது. வந்தா அங்கை திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். இத்தாலி இல்லாட்டி தமையன் எங்கை செத்தவன்? கேஸ் எழுதினவர் தாய் தேப்பனோடை சேர்த்து எழுதிவிட்டார். முதல் நாள் அவள் மாட்டன் எண்டு எழும்பிப் போட்டாள். அடுத்த நாள் வந்து ஒப்பம் வைச்சவள்."

இயந்திரத்தை இயக்கினார்கள். முதல் குழியில் வேலை தொடங்கிவிட்டது. நான் மற்றக் காதைப் பொத்திக்கொண்டேன்.

"அண்ணை. எங்கடை கலியாணம்?"

"தம்பி, அதை விடு."

"சொல்லுங்கோ."

"கார்டுக்காரனைக் காட்டுங்கோ எண்டு இரண்டு வருசமாய்க் கேட்டவள். நான் காட்டமாட்டன் எண்டனான். ஒருநாள் நீ கடைக்கு வரேக்கை அவளும் நிண்டிட்டாள். நீ உன்ரை பேரைச் சொல்லி அம்மாவுக்கு டிக்கட் போட்டனி. நீ போனாப்போலை, 'இவரோ' எண்டாள். ஓம் எண்டன். அடுத்த கிழமை வந்து, 'பேசிப் பாருங்கோ' எண்டவள்."

"ஏன்?"

"கேட்டனான். சொல்லேல்லை."

"இண்டைக்கு நான் இதிலை கையெழுத்து வைக்கவேணும் எண்டுதான் என்னைக் கட்டினவளோ?"

"எனக்குத் தெரியாதடா. தெரிஞ்சா உனக்குச் சொல்லாமல் விடுவனோ?" அவர் குரல் தாழ்ந்தது. "கவனமாய்க் கேள். ஒண்டிலையும் கையெழுத்து வையாதை. நீ பொலிசிலை பொய் எழுதிக் குடுத்தனி. இப்ப பிரெஞ்சுப் பிரஜாவுரிமை எடுத்து வைச்சிருக்கிறாய். அவளும் போட்டாள், அவனும் போட்டான். எலும்பு எங்கை கிடந்தா என்ன, சிவனிட்டைத்தான் போகும். ரயிலைப் பிடிச்சு வா."

"உங்கடை பேரைச் சொல்லமாட்டன் அண்ணை."

"நான் என்ரை பேருக்காகச் சொல்லேல்லை."

"தெரியும்."

அது உண்மையாகவும் இருக்கலாம். அழைப்பைத் துண்டித்தேன்.

குற்றியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் ஏன் நான் வரவேண்டும் என்றாள் என்பது இப்போது விளங்கியது. அவள் தங்கை என்று சொன்னால் அத்தாட்சி கேட்பார்கள். பிரசாந்தன் முள்ளிவாய்க்காலில் இறந்ததாக அவளே ஒப்பமிட்ட தாள் இருக்கிறது. இந்தக் குழிக்குள் கிடப்பது கரிகாலன் அல்ல என்று உலகத்தில் ஒரே ஒருவன்தான் நிரூபிக்கலாம். அவன் உயிரோடு வந்து இங்கே நிற்பதே போதும்.

அதற்காகத்தான் கட்டினாளா? எட்டு வருடம் ஒரு மனிதனோடு படுத்து, அவன் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டு, அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் வேலைக்குப் போகாமல் இருந்து? அல்லது என்னைப் பார்க்க வந்த இடத்தில் வேறேதும் நடந்ததா? கேட்கவேண்டியவள் இல்லை. கனடாவில் எனக்காக வாழ்ந்துகொண்டிருந்தவனும் இல்லை. நான் கொடுத்த கார்ட் ஒருவனைக் காப்பாற்றவில்லை. அவனைப் பெயரில்லாமல் ஆக்கியதுதான் மிச்சம்.

மூன்றாவது குழி முடிந்தது. வேலையாட்கள் என் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லூசியா வந்தாள்.

"முசியே, நேரமாகிறது. என்ன செய்யட்டும்?"

"மதாம் கடைசியாக உங்களுக்கு என்ன எழுதினார்?"

கோப்பில் இருந்து ஒரு தாளை எடுத்தாள். மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருந்தாள். தயாளினியின் பிரெஞ்சு. நான் திருத்திக் கொடுக்காத பிரெஞ்சு. பிழைகள் இருந்தன. 'வியாழன் காலை என் கணவரோடு வருவேன். அவர் நேரில் ஒரு வாக்குமூலம் கொடுக்கவேண்டும். அவர் வரும்வரை தயவுசெய்து தொடவேண்டாம். அவருக்கு இன்னும் தெரியாது. ஆனால் கொடுப்பார்.'

கடைசி வரியை மறுபடி வாசித்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியிருந்தாள். ஜூலை மாதத்துத் திகதி. அந்தக் கிழமை நாங்கள் திரைச்சீலை வாங்க அலைந்தோம்.

அலுவலகத்துக்கு நடந்தோம். லூசியா ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அடையாள ஆவணம்?"

பிரெஞ்சுக் கடவுச்சீட்டைக் கொடுத்தேன். பெயரை எழுதத் தொடங்கினாள். முதற்பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. கோப்பைத் திறந்து பார்த்தாள். பிறந்த திகதியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கடவுச்சீட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையை விலக்கிக்கொண்டாள்.

"இது எப்படி?"

"அங்கே இருப்பது நான் அல்ல," என்றேன். "அவர் பெயர் பிரசாந்தன். என் மனைவியின் அண்ணன். என்னுடைய கார்டில் பயணம் செய்தவர். கார்டை யாரும் களவெடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன்."

"நீங்கள் சொல்வது என்னவென்று உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

அவள் எழுந்து யன்னலைத் திறந்து வேலையாட்களுக்கு இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாள். இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"இன்று திறக்க முடியாது. நான் காவல் நிலையத்துக்குச் சொல்லவேண்டும். அவர்கள் நீதிமன்றத்துக்கு எழுதுவார்கள். உங்களைக் கேள்வி கேட்பார்கள். பிரான்சுக்கும் தெரிவிப்பார்கள். மாதக்கணக்காகலாம். ஆனால் அதுவரை அவரை யாரும் பொதுக் கிடங்கில் போடமுடியாது."

"சரி."

"அவருடைய பெயரை எனக்கு எழுதித் தாருங்கள். சரியாக."

பெரிய எழுத்தில் எழுதினேன். அடுத்த கட்டத்தில் உறவு என்று இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தங்கையின் கணவன் என்று எழுதினேன். கீழே என் பெயரில் ஒப்பமிட்டேன்.

லூசியா தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினாள். காத்திருக்கும்போது ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள்.

"அவர்கள் வர ஒரு மணித்தியாலம் ஆகும். ஹோட்டலுக்குப் போய் இருக்கிறீர்களா? நாங்கள் கூப்பிடுவோம்."

"இல்லை," என்றேன். "அவருக்குப் பக்கத்தில் இருக்கிறேன்."